எலி நடந்த வீடியோ

நான் வேலை பார்க்கும் செய்தி ஆப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அறிவியல் பக்கம் வரும். உலகத்தின் ஏதேதோ ஊர்களில் நடக்கும் ஆய்வுகளைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளைப் படித்து, தமிழில் சின்னச் சின்னச் செய்திகளாக எழுதித் தருவது என் வேலை. எங்கள் ஆசிரியர் என்னைவிட வயதில் சின்னவர், சென்னையிலிருந்து வந்தவர். நான் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"உடம்பு ஒண்ணு, பழைய எலும்பு ஒண்ணு, புதுப் பொருள் ஒண்ணு. வாரத்துக்கு இது போதும் மேடம்."

உடம்பு என்றால் மருத்துவம். பழைய எலும்பு என்றால் புதைகுழிகளில் கிடைக்கும் எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் மரபணுவை எடுத்து, செத்தவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்வது. புதுப் பொருள் என்றால் உடையாத கண்ணாடி, தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக், எலும்பு போல நடிக்கும் உலோகம். விலங்கியல் படித்துவிட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு டீச்சர் வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் இதில் ஒதுங்கியவள் நான். இந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது. பொய் சொல்லத் தேவையில்லாத வேலை என்று நினைத்திருந்தேன்.

ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கீழ் வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் ஆபீஸ் கட்டடங்களுக்கு உட்கூரை, அதாவது ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். தம்பியையும் கூட வைத்துக்கொண்டு காண்டிராக்ட் எடுத்துச் செய்தார். அந்த அம்மா ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவர் என்னை ரிப்போர்ட்டரம்மா என்பார். நான் எங்கேயும் போய் எதையும் ரிப்போர்ட் செய்ததில்லை என்று சொன்னாலும் விடமாட்டார்.

பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே முதுகுத்தண்டு நசுங்கிவிட்டது. உயிர் பிழைத்தார். தோளும் முழங்கையும் அசையும். விரல்கள் மூடாது. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கொசு கடித்தாலும் தெரியாது, கொதிக்கிற டீ கொட்டினாலும் தெரியாது. சிறுநீருக்கு எப்போதும் ட்யூப். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, முன்னறையில் கட்டிலைப் போட்டு, தெருவைப் பார்க்கிற மாதிரி படுக்க வைத்தார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தெரிந்த பெங்களூர் அந்த ஜன்னல் அளவுதான்.

தம்பி ஆரம்பத்தில் வந்துகொண்டிருந்தான். பிறகு காண்டிராக்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு வருவது குறைந்து, நின்றும் போனது.

மனைவி காலையில் அவருக்கு எல்லாம் செய்து முடித்து, ஒரு டம்ளரில் தண்ணீரும் ஸ்ட்ராவும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம்தான் வருவாள். நடுவில் அவர் படுத்தது படுத்தபடியே. மார்பின் மேல் ஒரு ஸ்டாண்டில் போனை நிறுத்தி வைத்திருப்பாள். விரல்முட்டியால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். என் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்திருப்பேன். அவருக்குப் பழைய எலும்பு சமாச்சாரம்தான் பிடிக்கும். ஒரு தடவை, ஒரே குழியில் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகள் அண்ணன் தம்பியா என்பதை மரபணுவை வைத்துச் சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தேன்.

"அப்போ யாருக்கு யாரு சொந்தம்னு எல்லாம் எலும்புலயே இருக்குது?" என்று கேட்டார்.

"இருக்குதுண்ணா. எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆனாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும்."

"பேசிக்கிட்டு இருந்தாங்களா, சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்களான்னு சொல்லுதா அது?"

"அது சொல்லாது."

"அப்புறம் இன்னாத்துக்கு அது," என்றார். சமையலறையில் இருந்த அவர் மனைவி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். தம்பியைப் பற்றி அந்த வீட்டில் அதற்கு மேல் பேசமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஜெல் பற்றிய அறிக்கை எனக்கு வந்தது. நகரத்தின் விளிம்பில் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு குழு புதிதாக ஒரு பொருளைச் செய்திருந்தது. ஊசியால் உள்ளே செலுத்தினால் கூழாகப் போய், உடம்புச் சூட்டில் இறுகி, நரம்பு வளர்வதற்குப் பந்தல் மாதிரி நிற்கும். முதுகுத்தண்டு வெட்டப்பட்ட எலிகளில் அதைச் செலுத்தியபோது சில எலிகள் பின்னங்கால்களை ஊன்றத் தொடங்கின. இதைத்தான் நான் எழுதினேன். எலிகளில் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தேன். கடைசியில், மனிதர்களுக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, வராமலும் போகலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். கீழ் வீட்டை நினைத்துக்கொண்டுதான் அந்த வரியை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு அம்மா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரோ உறவுக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஆப்பின் செய்திதான். தலைப்பு: முறிந்த முதுகுத்தண்டை ஒட்டவைக்கும் அதிசய ஜெல், பெங்களூரில் கண்டுபிடிப்பு. எலி தலைப்பில் இல்லை. என் கடைசி வரியும் இல்லை. நடுவில் எங்கோ ஓர் இடத்தில், சோதனைக்கூட விலங்குகள் என்று ஒரு சொல் மட்டும் ஒதுங்கிக் கிடந்தது.

"நீங்க எழுதினதுதானேக்கா?" என்றாள். "இது நம்ம ஊர்லயே இருக்குதாமே. ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டீங்களே."

உட்காரவைத்துச் சொன்னேன். எலிக்குத்தான் செய்திருக்கிறார்கள், அதுவும் எல்லா எலிக்கும் சரியாகவில்லை, மனிதர்களுக்கு இன்னும் போட்டுப் பார்க்கவே இல்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எலிக்கு வந்தா மனுசனுக்கும் வரும்தானே?" என்றாள்.

"எலிக்கு வந்தது நிறைய மனுசங்களுக்கு வராமலே போயிருக்குது."

"நிறைய வராம இருக்கட்டும்க்கா. ஒண்ணு வந்தா போதும்."

மறுநாள் ஆபீசில் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்.

"எலின்னு போட்டா யாரும் தொடமாட்டாங்க மேடம். உள்ளே விலங்குகள்னு இருக்குல்ல. தப்பா ஒண்ணும் போடலையே."

"வராமலும் போகலாம்னு நான் எழுதின வரி?"

"அது நெகடிவா இருந்துச்சு."

அந்த மாதம் அதிகம் பேர் படித்த செய்தி அதுதான் என்று சொல்லிச் சாயங்காலம் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்கள். பேப்பர் தட்டில் வைத்தபடியே மேஜையில் விட்டுவிட்டு வந்தேன்.

கீழ் வீட்டில் அவள் விடவில்லை. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மாடிப்படியில் நின்று, அந்த ஆய்வு நிறுவனத்தில் பேசினீர்களா என்று கேட்பாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அவளே போய் அங்கே வாசல் காவல்காரரிடம் மன்றாடியிருப்பாள். அதைத் தாங்க முடியாமல்தான் நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தக் குழுவின் விஞ்ஞானி ஒருவர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். சிகிச்சை எதுவும் தர முடியாது, வந்தால் பேசலாம் என்றார். அதை அப்படியே இரண்டு பேரிடமும் படித்துக் காட்டினேன்.

அவர் கட்டிலிலிருந்தபடி, "போய்ப் பாத்துட்டு வரலாம். நானும் ஜன்னலைத் தாண்டி ரொம்ப நாளாச்சு," என்றார்.

தெருவில் இருந்த ஆட்டோக்காரரும் அவளும் தூக்கி ஒரு வேனில் உட்கார வைத்தார்கள். தர்மஸ்தாபனம் ஒன்றில் இரவல் வாங்கிய வீல்சேரைப் பின்னால் போட்டோம். அவருக்கு அன்று வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். ஷேவ் செய்து, தலைவாரி, கல்யாண வீட்டுக்குப் போவது போலிருந்தார். வழியெல்லாம் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டி, "உள்ள ரெண்டாவது மாடி சீலிங் நம்மது," என்றார்.

வாசலில் காவல்காரர் கன்னடத்தில் கேட்டார். "பேஷண்டா? இது ஆஸ்பத்ரே அல்லம்மா." ஆஸ்பத்திரி இல்லை என்று எங்களுக்கும் தெரியும் என்று அவளே கன்னடத்தில் பதில் சொன்னாள். பதிவு செய்து, கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டிவிட்டார்கள். அவருக்கு அட்டையை மாட்டும்போது காவல்காரர் அவர் தலையை ஒரு கையால் மெதுவாகத் தாங்கிப் பிடித்தார். அந்த இடத்தில் அவரைத் தொட்ட ஒரே மனிதர் அந்தக் காவல்காரர்தான்.

விஞ்ஞானிக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். சேலம் பக்கம். தமிழில் பேச முடிந்ததில் அவருக்கே ஓர் ஆறுதல் இருந்தது போலத் தெரிந்தது. நல்ல மனிதர். இந்தக் கதையில் எனக்கு வெறுக்கக் கிடைக்காத மனிதர். தேநீர் வரவழைத்தார். தன் வேலையை எளிமையாகச் சொன்னார். செய்தியின் தலைப்பைப் பார்த்துத் தனக்கும் சங்கடமாகிவிட்டது, எத்தனையோ பேர் போன் செய்கிறார்கள் என்றார். பிறகு, சும்மா அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, லேப்டாப்பைத் திருப்பி வீடியோவைப் போட்டார்.

நகரும் ஒரு பட்டையின் மேல் வெள்ளை எலி. முதல் வீடியோவில் அது பின்பக்கத்தை ஈரத்துணி போல இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவதில், அதே எலி, கொஞ்ச வாரங்களுக்குப் பிறகு. பின்னங்கால் தடுமாறியது. ஊன்றியது. மடங்கியது. மறுபடியும் ஊன்றியது. நான்கு கால்களிலும் நடந்தது, கோணலாக, ஆனால் நடந்தது.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழுதியவள் நான். படித்தவள் நான். இருந்தும் பார்க்கும்போது, இவருக்கும் வரலாமோ என்று எனக்கும் தோன்றியது.

அவர் மட்டும் முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ போடுங்க சார்," என்றார். போட்டார். முடிந்ததும் கேட்டார்.

"இந்த எலி இப்ப எங்க சார் இருக்குது?"

விஞ்ஞானி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இல்லைங்க. நரம்பு உள்ளே நிஜமாவே வளர்ந்திருக்கான்னு பாக்கணும் இல்லீங்களா. அதுக்கு முதுகுத்தண்டை வெளியே எடுத்துத்தான் பாக்க முடியும்."

"கொன்னுட்டீங்க."

"வலி தெரியாமத்தாங்க செய்வோம்."

"நடந்த எலியவா?"

"நடந்ததைத்தாங்க முக்கியமா பாக்கணும்."

அவர் சிரித்தார். நல்ல, வயிற்றிலிருந்து வர வேண்டிய சிரிப்பு, வயிறு அசையாததால் தோளில் மட்டும் குலுங்கியது. "பர்வால்ல சார். நம்மளப் போல கெடந்து சாவல. நடந்துட்டுச் செத்துச்சு."

விஞ்ஞானி லேப்டாப்பை மூடினார். பிறகு, அவருடைய முதுகு எப்படி இருக்கிறது, படுத்தே கிடந்து புண் எதுவும் வந்திருக்கிறதா என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் இந்த மாதிரி ஆட்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள் என்றார்.

"நான் வேலைக்குப் போயிடுவேன் சார்," என்றாள் அவள்.

"யாராவது..."

"யாரும் இல்ல."

தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஆபீசில் இந்த விஷயம் தெரிந்ததும் ஆசிரியர், நோயாளியும் விஞ்ஞானியும் சந்தித்த கதையை எழுதிக்கொடுங்கள், படம் இருந்தால் நன்றாகப் போகும் என்றார். முடியாது என்றேன். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. என் நல்லதுக்குச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

விஞ்ஞானி கேட்டபோதே அவருக்கு ஒரு புண் இருந்தது. இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில். முதலில் சிவந்து ஒரு ரூபாய்க் காசளவுக்குத்தான் இருந்ததாம். வலி தெரியாததால் அவர் சொல்லவில்லை. காலையில் துடைத்துவிடும்போது அவள்தான் பார்த்திருக்கிறாள். பவுடர் போட்டாள். தண்ணீர் மெத்தை ஒன்று வாங்கினாள். அது ஓர் ஓரத்தில் கசிந்தது. ஒட்டுப் போட்டாள், மறுபடியும் கசிந்தது. புண் ஆழமாகிக்கொண்டே போனது. ஒருநாள் நான் கீழே போனபோது வாடை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பேஜாரா இருக்குதா ரிப்போர்ட்டரம்மா? ஜன்னல் பக்கமா உக்காருங்க."

நான் வீட்டிலிருந்து எழுதும் நாட்களில் இறங்கிப்போய்த் திருப்பிப் போட்டேன். தனியாளால் முடிகிற காரியமில்லை அது. நல்ல கனம் உள்ள மனிதர். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்வேன். ஆபீஸ் போகும் நாட்களில் யாரும் இல்லை. அவள் நீண்ட விடுப்புக் கேட்டாள். போனால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலையில்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது.

மழை பிடித்த நாட்களில் அவருக்கு ஜுரம் வந்தது. குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் பெண்மணி புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் வெளியே அழைத்தார். எலும்பு தெரிகிறது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். கன்னடத்தில்தான் சொன்னார். அவளுக்குப் புரிந்தது.

"முன்னாடியே வந்திருக்கலாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"முன்னாடி வரணும்னு இல்லம்மா," என்றார் டாக்டர், இப்போது தமிழில். "புண்ணு வராமலே பாத்திருக்கலாம். வேற ஒண்ணும் வேணாம். திருப்பிவிட ஒரு ஆள்."

அவர் அந்த வாரமே இறந்தார். விடிந்ததும், வார்டில் காலை டீ கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

தம்பி வந்தான். காரியங்களை முன்னின்று நடத்தினான். கொள்ளி வைத்தான். அண்ணனின் முகச்சாயல் அவனுக்கு அப்படியே இருந்தது. அவன் குடத்தோடு சுற்றி வரும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். ரத்த சொந்தம் என்றார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் யாரோ ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

படுக்கைப் புண் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். யாருக்கு வரும், எப்படி வரும், எந்த இடத்தில் முதலில் சிவக்கும், எப்படித் திருப்ப வேண்டும். கீழ் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆசிரியர் படித்தார்.

"நல்லாருக்கு மேடம். ஆனா இதுல புதுசு என்ன?"

"புதுசு ஒண்ணும் இல்ல."

"அதான் பாக்கறேன்," என்றார். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில் போட்டார். யாரும் படிக்கவில்லை. அந்த ஜெல் செய்தி மட்டும் இன்றும் எங்கோ ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருவர் என் நம்பரைக் கண்டுபிடித்து, எங்க அண்ணனுக்கு, எங்க வீட்டுக்காரருக்கு, எங்க பையனுக்கு என்று ஆரம்பிப்பார்கள். எலி என்று நான் சொல்வேன். அவர்கள், எலிக்கு வந்தா மனுசனுக்கு வராதா மேடம் என்பார்கள்.

அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு பொம்மனஹள்ளியில் தன் அக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டாள். சில மாதங்கள் கழித்து ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஒற்றை அறை. சுத்தமாக வைத்திருந்தாள். ஆள் கொஞ்சம் தேறியிருந்தாள். ஹவுஸ்கீப்பிங்கை விட்டுவிட்டாளாம். ஒரு ஏஜென்சி மூலமாக அபார்ட்மெண்ட் வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"அனுபவம் இருக்குதான்னு கேட்டாங்கோ. இருக்குதுன்னேன்," என்றாள்.

இப்போது ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறாளாம். பக்கவாதம் வந்து கிடக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். பகலுக்கு அவள், இரவுக்கு இன்னொருத்தி.

"ரெண்டு மணிக்கொருக்கா திருப்பி விடணும்க்கா. போன்ல அலாரம் வெச்சிருக்காங்கோ. அடிச்சதும் எழுந்து திருப்புவேன். காத்து மெத்தை, கரெண்டுல ஓடுறது. அவரு முதுகு பாக்கணுமே, கொழந்தை முதுகு மாதிரி இருக்குது. ஒரு கீறல் இல்ல." சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். "நான்தான் பாத்துக்கறேன்."

அடுப்பில் பால் பொங்கியது. எழுந்துபோய் அணைத்தாள். காபி கலந்து கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வீட்டு ஓனர் மேல் வீட்டு வாடகையை ஏற்றினாரா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் விசாரித்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு என்னோடு மெயின் ரோடு வரை நடந்து வந்தாள். அவள் பஸ் முதலில் வந்தது. கூட்டத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையாட்டினேன். அவள் பார்க்கவில்லை.